பிரவுசரில் இடைச்செருகல்கள்: பதிப்பியல் நோக்கில் ஓர் அறிமுகம்

மூலபாடத்தில் பிறர் எழுதிச் சேர்த்த வரிகளை இனங்கண்டு விலக்குவது பதிப்பாசிரியரின் தலையாய கடமை. ஏட்டுச்சுவடிகளைப் பொறுத்தவரை இத்துறையில் வேண்டிய அளவு எழுதியாயிற்று. வீட்டுக் கம்ப்யூட்டரின் பிரவுசரைப் பொறுத்தவரை இத்திருப்பணி முழுவதும் அக்கா மகன்களிடம் விடப்பட்டிருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஒரு கையில் முறுக்கும் மறு கையில் மவுஸுமாக அவர்கள் அதை முடித்துவிட்டு, செய்முறையை எழுதிவைக்காமல் ரயிலேறிவிடுகிறார்கள். அக்குறையை ஓரளவு நிறைக்க முயல்வதே இக்கட்டுரை.

முதலில் வரையறை. வழக்கமான தேடுபொறி திறக்க வேண்டிய இடத்தில் பெயர் கேள்விப்படாத ஒன்று திறப்பதும், ரயில் டிக்கெட் பார்க்கும் பக்கத்தின் நடுவே முழங்கால் வலித் தைலம் தோன்றுவதும் ஆட்வேரின் குணங்கள். இதை வைரஸோடு குழப்பிக்கொள்ளலாகாது. வைரஸ் சொல்லாமல் வரும். இது சொல்லிவிட்டு வரும். எங்கே சொன்னது எனில், இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது வந்த நான்காம் திரையில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், முன்கூட்டியே டிக் அடித்துவைத்த கட்டத்தின் அருகில். வாசகர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தி உடன்பட்டிருக்கிறார். ஆகவே ஆவணப்படி இடைச்செருகியவர் வாசகரே. எழுத்து வேலையை மட்டும் வேறொருவர் செய்து கொடுத்தார்.

நோக்கமும் தெளிவானது. பழைய ஏடுகளில் கைவைத்தவர்களுக்குத் தம் ஊர்ப்பெயரையோ குலதெய்வத்தையோ நூலில் ஏற்றிவிடும் ஆசை இருந்தது. இங்கே ஆசை இல்லை, கூலி உண்டு. ஒரு கருவிப்பட்டையைத் தன் மென்பொருளோடு கட்டி அனுப்புபவருக்கு, அது குடியேறும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இவ்வளவு என்று காசு. பட்டையின் உரிமையாளருக்கு, அதன் வழியாக அழுத்தப்படும் விளம்பரத்தில் காசு. வாசகருக்கு முழங்கால் தைலம்.

சிறிய நிறுவனங்கள்தான் இப்படிச் செய்யும் என்பது பிழையான கருத்து. ஆரக்கிளின் ஜாவா பல ஆண்டுகள் ஆஸ்க் கருவிப்பட்டையை உடன் அழைத்து வந்தது. 2013-இல் இதை ஆராய்ந்தவர்கள் ஒரு நுட்பத்தைக் கண்டார்கள்: ஜாவா நிறுவி முடிந்தபின் பட்டை பத்து நிமிடம் காத்திருந்துதான் உள்ளே போகும். ஐயம் கொண்ட வாசகர் உடனே கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இராது. அவர் நிம்மதியாக மூடிவிட்டு எழுந்து போவார். அதன்பின் அது வரும். இவ்வளவு நயத்தக்க நாகரிகத்தை நாம் சுவடிகளில் கண்டதில்லை.

இதனினும் ஒரு படி மேலே போனது சூப்பர்ஃபிஷ் என்னும் ஆட்வேர். 2014 செப்டம்பர் முதல் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் இதை நிறுவியே விற்றது. அதாவது, வாசகர் நெக்ஸ்ட் அழுத்தும் சிரமம்கூட இல்லை. ஏடு கடையிலிருந்து வரும்போதே இடைச்செருகலோடு வந்தது. பூட்டுக்குறியிட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரம் செருக வேண்டியிருந்ததால், அது தனக்கென ஒரு மூலச் சான்றிதழை விண்டோஸில் பதித்துக்கொண்டது. விளைவாக, வங்கித் தளத்துக்கும் சூப்பர்ஃபிஷே சான்று வழங்கியது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி. அந்தச் சாவிக்கு ஒரு கடவுச்சொல் இருந்தது; 2015 பிப்ரவரியில் விவகாரம் வெடித்தபோது ஓர் ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தார். ‘கொமோடியா’ என்பது அச்சொல். அத்தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரும் கொமோடியா.

இடைச்செருகியோர் பதிப்பாசிரியர்மீது வழக்குத் தொடுத்த வரலாறும் உண்டு. ஜாங்கோ என்னும் ஆட்வேர் நிறுவனம், தன் மென்பொருளைத் தடுத்ததற்காக வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியை அமெரிக்க நீதிமன்றத்துக்கு இழுத்தது. தடுப்பது தடுப்பவரின் உரிமை என்று 2009 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜாங்கோ அதற்கு இரண்டு மாதம் முன்பே கடையை மூடிவிட்டிருந்தது.

இனி நீக்கும் முறை. உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த 1887-இல் சுவடிகள் வைத்த இடத்தில் இருந்தன. செல்லரித்தாலும் தம்மைத் தாமே திருத்தி எழுதிக்கொண்டதில்லை. இன்றைய பதிப்பாசிரியர் தண்ணீர் குடிக்க எழுந்து போய் வருவதற்குள் பாடம் மாறிவிடுகிறது. எனவே ஓரிடத்தில் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. அதே செருகல் வேறு எந்தெந்தப் பிரதியில் ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டும்.

கண்ட்ரோல் பேனலில் மென்பொருள் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குக. தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை ஒன்றாக நிற்கும். நாம் கேட்ட பிடிஎஃப் மாற்றியும், கேளாத அதன் உறவினர்களும். நீக்கும்போது எழும் கேள்விகளைப் பொறுமையாகப் படிக்கவேண்டும். ‘இருக்கட்டும்’ என்பது பெரிய பச்சைப் பொத்தானாகவும் ‘நீக்கு’ என்பது மங்கிய எழுத்தாகவும் இருப்பது மரபு. எக்ஸ்டென்ஷன்களையும் அவ்வாறே களைக. இது எளிது, விரித்துரைக்க ஒன்றுமில்லை.

அரிய பாடம் ஒன்று ஷார்ட்கட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் நீக்கி, செட்டிங்கை ரீசெட் செய்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்ட பின்னும் அதே தேடுபொறி திறக்குமாயின், டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் படத்தின்மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைப் பார்க்க. டார்கெட் என்ற வரி குரோமின் பெயரோடு முடியவேண்டும். அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு ஓர் இணைய முகவரி நிற்குமானால், அதுவே செருகல். பிரவுசருக்குள் எத்தனை முறை தேடினாலும் அகப்படாது. ஏனெனில் அது நூலில் இல்லை, அட்டையில் இருக்கிறது. டாஸ்க் பாரில் உள்ள ஷார்ட்கட்டையும் தனியே பார்க்கவேண்டும். செருகியவர் அதை மறந்திருக்க மாட்டார்.

குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது’ என்ற வாசகம் காணப்படலாம். அலுவலகக் கம்ப்யூட்டரில் அது இயல்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் அது காணப்பட்டால், அவர் பணிபுரியும் நிறுவனம் யாது என்ற ஆய்வு தேவை. பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி என்ற பெயரில் ஆட்வேர் எழுதிவைத்த உத்தரவு அது. அவ்வுத்தரவின்படி வந்த எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பொத்தான் வேலை செய்யாது. முதலில் உத்தரவை அழிக்கவேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் காலை இச்செருகலைப் புதுப்பிக்க ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தால் அவரையும் பணிநீக்கம் செய்க. சிங்க் வழியாக வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பழைய பாடம் மீண்டும் இறங்குவதும் உண்டு.

திரையின் மூலையில் மட்டும் வந்து போகும் விளம்பரங்கள் தனி வகை. ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலோவ் அழுத்துக’ என்று ஏதோ ஒரு தளம் கேட்டிருக்கும்; வாசகர் தன் மனிதப் பிறவியை நிரூபித்திருப்பார். நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலில் அத்தளத்தின் பெயரை நீக்கினால் போதும்.

கருவிகளின் துணையை நாடலாமா எனில், நாடலாம். 2016-இல் மால்வேர்பைட்ஸ் வாங்கிய ஆட்வ்கிளீனர் இத்துறையில் நன்மதிப்புடையது. குரோமோடு வந்த துப்புரவுக் கருவியை கூகுள் 2023-இல் நிறுத்திவிட்டது. இவ்வகைக் கருவிகளுள் மூத்ததாகிய ஆட்-அவேர் 1999-இல் வெளிவந்தது. அக்குடும்பத்திலிருந்து பின்னாளில் வந்த வெப் கம்பானியன் என்னும் மென்பொருளை மால்வேர்பைட்ஸ் வேண்டாதவை வரிசையில் வைத்து நீக்குகிறது. ஆகவே அக்குடும்பத்தைப் பதிப்பாசிரியர் அட்டவணையில் சேர்ப்பதா, இடைச்செருகியோர் அட்டவணையில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு எழக்கூடும். இரண்டிலும் சேர்த்தல் முறை.