மாப்பிள்ளை திங்கட்கிழமை என்ன செய்தார்?

தமிழ் சினிமாவில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஒரே வேலைதான்: தோற்பது. விமானத்தில் வந்து இறங்குவார். கோட்டு கசங்காது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளமும் நிறைய. இவ்வளவு நல்லவனை எந்தக் கதாநாயகி கட்டிக்கொள்வாள்? கல்யாணம் வரை வந்துவிட்டு, பெண்ணைக் கதாநாயகனிடம் ஒப்படைத்துவிட்டு, பெருந்தன்மையை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். 2001-இல் வந்த ‘மின்னலே’ படத்தில் இந்த உத்தியோகத்தைப் பார்த்தவர் அப்பாஸ்.

அப்படிக் கிளம்பிய மாப்பிள்ளை திங்கட்கிழமை காலையில் என்ன செய்தார் என்று எந்தப் படமும் காட்டியதில்லை. அப்பாஸ் காட்டினார். நடிப்பை விட்டுக் குடும்பத்தோடு நியூசிலாந்துக்கு வந்தவர், இங்கே பெட்ரோல் பங்கில் வேலை பார்த்ததைப் பேட்டிகளில் சர்வசாதாரணமாகச் சொன்னார். ஊரில் அதைப் படித்தவர்கள் “ஐயோ பாவம்” என்றார்கள். இங்கே நாங்கள் யாரும் உச்சுக்கொட்டவில்லை. எங்கள் பக்கத்தில் பெட்ரோல் பங்க் என்பது பயோடேட்டாவின் முதல் வரி.

எங்கள் பக்கம் என்றால் ஈஸ்ட் டாமாக்கி. ஆக்லாந்தின் தென்கிழக்கே, கிடங்குகளும் லாரிகளுமாக நீளும் பேட்டை. இங்கே மனிதர்களை விடுங்கள், மலைகூடத் தனக்கு ஒதுக்கிய பாத்திரத்தில் நிற்காது. கிரீன் மவுண்ட் என்ற எரிமலைக் குன்று ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே கல்லுக்காக வெட்டத் தொடங்கி, குன்றைப் பள்ளமாக்கினார்கள். பள்ளத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள். குப்பை வளர்ந்து திரும்பவும் குன்றாகி, இன்று புல் போர்த்திக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. கதையில் எழுதினால், “மறுபிறவிக் கதையா?” என்று கேட்பார்கள்.

கம்பெனிகளும் அப்படித்தான். 1934-இல் ஃபிஷர், பேக்கல் என்ற இருவர் குளிர்சாதனப் பெட்டி இறக்குமதி செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனி 1960-களின் கடைசியில் செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் நோயாளிக்குப் போகும் காற்றை ஈரமாக்கும் கருவியில் இறங்கியது. முதல் மாதிரியை எதில் செய்தார்கள் தெரியுமா? பழம் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடி ஜாடியில். அதிலிருந்து கிளைத்த மருத்துவக் கருவி நிறுவனத்தின் தலைமையகம் இப்போது எங்கள் பேட்டையில்தான். என் மனைவி ஊறுகாய் ஜாடி எதையும் தூக்கிப் போட விடுவதில்லை. காரணம் கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்கிறாள்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், பொங்கல் மலர் ஒன்றின் குழுவினர், “நம் வாழ்க்கையை அப்படியே காட்டுகிற கதை” ஒன்று கேட்டார்கள். எனக்கு அலைச்சலே இல்லை. பாத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

முதலாவது, நான் கணக்கு எழுதும் கிடங்கில் இருக்கும் கவுண்டர். கவுண்டர் என்றதும் உங்கள் மனத்திரையில் ஒரு மீசை முளைத்திருக்கும். அதற்குக் கீழே ஆலமரம், சொம்பு, தோளில் துண்டு. ‘சின்னக் கவுண்ட’ரும் ‘நாட்டாமை’யும் செய்த உபகாரம் அது. எங்கள் கவுண்டருக்கு மீசை இல்லை. பூப்போட்ட சட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் கவா, பேச்சு முழுக்க ஃபிஜி ஹிந்தி. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக ஃபிஜிக்குப் போன தென்னிந்தியர்களின் வழிவந்தவர். 1926-இல் அங்கே ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ தொடங்கிப் பள்ளிக்கூடங்கள் நடத்தியும், தோட்டத்து ஹிந்திதான் வீட்டுப் பேச்சானது. 1987-இல் ஃபிஜியில் ஒரே வருஷத்தில் இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்தன. அதற்குப் பிறகு மூட்டை கட்டிக்கொண்டு ஆக்லாந்துக்கு வந்த குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. மாரியம்மன் கோவிலில் தீ மிதித்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமிப் பாட்டு மட்டும், அதையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவார்.

ஆனால் ரத்தம் சும்மா இருக்குமா? கிடங்கில் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் மனுஷன், அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட். கோட்டைத் தாண்டினால் மேனேஜராக இருந்தாலும் நிறுத்தி வைத்து அங்கேயே தீர்ப்பு. மரத்தடிதான் இல்லை.

இரண்டாவது, எதிர்வீட்டு ஆச்சி. புலம்பெயர்ந்தோர் கதைகளில் வயதான அம்மாவுக்கு ஒரு ஜன்னல் ஒதுக்கியிருப்பார்கள். அதன் அருகே உட்கார்ந்து, வெளியே பெய்யும் வெளிநாட்டு மழையைப் பார்த்து, சொந்த ஊர் வேப்பமரத்தை நினைத்து அழ வேண்டும். தூத்துக்குடி ஆச்சிக்கு ஜன்னல் பக்கம் போக நேரமில்லை. அவரிடம் சூப்பர்கோல்ட் கார்டு இருக்கிறது. இந்நாட்டில் 65 வயது கடந்த நிரந்தரவாசிகளுக்குத் தருவது. வார நாளில் காலை 9 மணிக்கு மேல் பஸ், ரயில், படகு எல்லாம் இலவசம். ஆச்சி பஸ்ஸில் பான்மியூர் போய், ரயிலில் பிரிட்டோமார்ட் இறங்கி, வைஹேக்கி தீவுக்குப் படகேறுவார். தீவு ஒயினுக்குப் பேர்போனது. ஆச்சி தயிர்சாதமும் மோர்மிளகாயும் கட்டிக்கொண்டு போய், கடலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். “திருச்செந்தூர் மாதிரி அலையே காணும், தம்பி. ஆனா டிக்கெட்டும் கிடையாதுல்லா?”

ஊர் ஏக்கம் முழுவதையும் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவருடைய மகன். கம்ப்யூட்டர் வேலை, இரட்டை மாடி வீடு, முப்பது வருஷக் கடன். தூத்துக்குடியில் மழை என்றால் அண்ணாச்சி இங்கே குடை தேடுவார். மக்ரூன் என்று யாராவது சொல்லிவிட்டால் கண் கலங்கிவிடும். “அடுத்த வருஷம் ஊரோட போயிடணும்” என்று வெள்ளிக்கிழமை தவறாமல் சபதம் செய்வார். நீங்களும் கூடப் போவீர்களா என்று ஆச்சியைக் கேட்டேன்.

“அங்க போயி என்ன செய்ய? இவன் எப்ப போன் போடுவான்னு நான் காத்துக் கெடக்கணும். இங்கன்னா, நான் எப்ப வருவேன்னு இவன்லா காத்துக் கெடக்கான்?”

வழக்கமான பாத்திரத்தை உடைப்பது என்றால் நம் கதாசிரியர்கள் அவசரமாக அதைத் திருப்பிப் போடுகிறார்கள். நல்ல ரவுடி, கெட்ட சாமியார், மருமகளுக்குக் காபி கலந்து தரும் மாமியார். தோசையைத் திருப்பிப் போட்டால் அதுவும் தோசைதான். திரையில் எல்லாரையும் மிரட்டிய நம்பியார் நிஜத்தில் குடிக்காதவர், சபரிமலைக்கு வருஷா வருஷம் ஆட்களைக் கூட்டிப்போன குருசாமி என்று இன்னும் சொல்லி வியக்கிறோம். பின்னே, அவர் வீட்டிலும் கத்தியை உருவிக்கொண்டுதான் இலைமுன் உட்கார்வார் என்று நினைத்திருந்தோமா?

விஷயம் தெரிந்தவர்கள் ஆளைத் திருப்பவில்லை, ஆளுக்கு ஒரு ஜோலியைக் கொடுத்தார்கள். தேவனின் சாம்பு துப்பறியும் புலியாவதற்கு முன் பேங்க் குமாஸ்தா. புத்தி மட்டு, அதிர்ஷ்டம் அதிகம். அவர் உளறியதெல்லாம் துப்பாகிவிடும். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை, கடவுளே நேரில் வந்து நின்றபோது காலில் விழவுமில்லை, நாத்திகம் பேசவுமில்லை. தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்டார். யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்டதற்கு, பத்திரிகையின் ஆயுள் என்று பதில் வைத்திருந்த வியாபாரி! பக்தனாகவும் நாத்திகனாகவும் நிற்க அவருக்கு நேரமில்லை. பத்திரிகை நடந்தாக வேண்டும். எங்கள் கவுண்டருக்கு மஞ்சள் கோடு, ஆச்சிக்கு ஒன்பது மணிக்கு மேல் வரும் முதல் பஸ்.

இவ்வளவு தெம்போடு கதையை எழுதி அனுப்பினேன். குழுவிடமிருந்து பதில் வந்தது. பாத்திரங்கள் யாரும் நம்பும்படி இல்லையாம். கவுண்டர் எப்படி ஹிந்தி பேசுவார், பெயரை சிங் என்று மாற்றவும். மலை குப்பையாகி மறுபடி மலையாவது குழந்தைகளைக் குழப்பும். முக்கியமாக, அம்மா பாத்திரத்தில் ஈரமே இல்லை, ஒரு பக்கமாவது அழ வைக்கவும்.

அச்சில் பெயர் பார்க்கும் ஆசை யாரை விட்டது? எதிர்வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆச்சி படகு நேர அட்டவணையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“அழணுமாக்கும்? இந்த வாரம் எனக்கு முடியாது, தம்பி. டெவன்போர்ட் வேற பாக்கி கெடக்கு. எம் மவன வேணும்னா கூட்டிட்டுப் போ. அவன் எப்பிடியும் அழுதுக்கிட்டுதான் கெடக்கான்.”