நாற்பத்தைந்து கிராமும் ஒரு துளி கிரீஸும்: வடசென்னைக் கரையோரத்தில் கீபோர்டு சுவிட்சுகளுக்கு எண்ணெய் இடுதல் குறித்த ஓர் ஆய்வு

வடசென்னைக் கரையோரத்தில் சுழல்வன, உருள்வன, ஏறி இறங்குவன ஆகிய எவையும் எண்ணெய் காணாமல் இருந்ததில்லை என்பது இவ்வாய்வின் முற்கோள். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயிலின் அச்சுகள், 1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்டின் லாரிகள், திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகள், காசிமேட்டு விசைப்படகுகளில் வலை இழுக்கும் வின்ச்சுகள் ஆகிய யாவும் இதற்குச் சான்று. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என நிறுவப்பட்ட மணலி ஆலை, மசகெண்ணெய்க்கு மூலமான அடிப்படை எண்ணெயையே தயாரிப்பதால், எண்ணெய்க்காக இப்பகுதியார் ஊர் தாண்டவும் வேண்டியதில்லை. இத்தனை மரபு இருந்தும், கம்ப்யூட்டர் கீபோர்டின் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே தூரிகையால் கிரீஸ் தடவும் தொழிலுக்கு, அதாவது அதில் ஈடுபட்டோர் ‘லூப் போடுதல்’ என வழங்குவதற்கு, இங்கு முறையான இலக்கணம் வகுக்கப்படவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

மலிவான கீபோர்டுகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு கிடக்க, மெக்கானிக்கல் கீபோர்டு எனப்படுவதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு தனிச் சுவிட்ச் உண்டு. அச்சுவிட்ச் மேல்மூடி, அடிக்கூடு, இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கும் பிளாஸ்டிக் தண்டு, தண்டைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங், மின்சுற்றை மூடும் மெல்லிய உலோக இதழ் என ஐந்து உறுப்புகளை உடையது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகையே இன்றும் அளவுகோலாக நிற்கிறது. அதன் காப்புரிமை முடிந்தபின் சீன நிறுவனங்கள் அதே அச்சில் எண்ணிறந்த வகைகளை வார்த்துத் தள்ளியதால், தேர்வு என்பதே தனி ஆராய்ச்சியாக விரிந்துவிட்டது. எம்எக்ஸ் சிவப்புச் சுவிட்சின் தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும், பாதிவழியில், 2 மி.மீ. ஆழத்தில், ஏறக்குறைய 45 கிராம் அழுத்தத்தில் எழுத்து பதிவாகும். இந்த 45 கிராம் என்னும் எண்ணை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மேல்வரும் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

லாரிக்குக் கிரீஸ் அடிப்பவர், சேசிஸ் பாயின்ட்டில் கிரீஸ் கன்னைப் பொருத்தி, பழைய கிரீஸ் கறுத்துப் பிதுங்கி வெளியே வரும்வரை அடிப்பார். அதுவே முறையான வேலை. அங்கே டன் கணக்கான பாரம் உலோகத்தை உலோகத்தோடு நெரிப்பதாலும், சேறும் தண்ணீரும் உள்ளே புகாதபடி மிகுதிக் கிரீஸே அணையாக நிற்பதாலும், அதிகம் என்பது அங்கே குற்றமாகாது. அற்றேல், அவ்விதி சுவிட்சுக்கும் பொருந்தாதோ எனின், பொருந்தாது. 45 கிராம் பாரமே உள்ள இடத்தில் கிரீஸின் சொந்தப் பசைத்தன்மையே பெருந்தடையாகி, தண்டு மேலே வரச் சோம்பும். வடகரையின் ஆயிரம் பட்டறைகளில் செல்லும் ‘பிதுங்கும்வரை’ என்னும் விதி, தீப்பெட்டிக்குள் இரண்டு மூன்று அடங்கும் இச்சிறு பொருளில் ‘கண்ணுக்குத் தெரியாதவரை’ எனத் தலைகீழாகிறது. இப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர் முதல்முறை லூப் போடும்போது அளவு மிகுவதற்குக் கைப்பழக்கமன்றி வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கிரீஸின் தடிப்பை அளக்க அமெரிக்காவின் என்எல்ஜிஐ அமைப்பு 000 முதல் 6 வரை ஒன்பது படிகளை வகுத்துள்ளது. 25 டிகிரி வெப்பத்தில் கூம்பு ஒன்றைக் கிரீஸின்மேல் விட்டு, ஐந்து விநாடியில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குகளாக எண்ணுவர். சக்கர பேரிங்குக்கு இடும் 2ஆம் படியில் கூம்பு 265 முதல் 295 வரையும், சுவிட்சுக்கு உரிய 0 படியில் 355 முதல் 385 வரையும் இறங்கும். லூப் போடுவோர் போற்றும் கிரைட்டாக்ஸ் 205ஜி0 வகையும் இந்த 0 படியினதே. ஃபுளூரின் கலந்த எண்ணெயில் டெஃப்லான் தூளைக் குழைத்த அது பிளாஸ்டிக்கை அரிப்பதில்லை, கத்திரி வெயிலிலும் உருகி வழிவதில்லை. வீட்டில் கிடைப்பவற்றுள் தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசினாவதாலும், தையல் மெஷின் எண்ணெய் சில வகை ஒளிபுகும் பிளாஸ்டிக்குகளில் விரிசல் உண்டாக்கக்கூடும் என்பதாலும் விலக்கத்தக்கன.

குறைவே நிறைவு என்னும் இக்கொள்கை புதியதன்று. தட்டச்சுப் பயிலகங்களின் மெக்கானிக்குகள் இதனை முன்னரே கண்டிருந்தனர். எழுத்துக் கம்பிகள் வந்து செருகும் பிறைவடிவத் தடத்தில் எண்ணெய் விட்டால், தூசும் ரிப்பன் நூலும் அதில் ஒட்டிக் கம்பிகள் பாதியில் நின்றுவிடும். ஆகவே அங்கே பிரஷ் மட்டும் போகும், எண்ணெய்க்குப்பி போகாது. சுவிட்சிலும் இத்தகைய புறனடைகள் இரண்டு உண்டு. விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படும் ‘டாக்டைல்’ வகையில் தண்டின் கால்களில் கிரீஸ் தடவினால் மேடு மழுங்கும்; ‘டிக்’ என ஒலிக்கும் ‘கிளிக்கி’ வகையில் ஒலியெழுப்பும் உறுப்பில் தடவினால், காசு கொடுத்து வாங்கிய ஒலியே போய்விடும். தடையின்றி வழுக்கி இறங்கும் ‘லீனியர்’ வகையே தூரிகைக்கு முழுவதும் உரியது. ஸ்பிரிங்குகளை ஒரு ஜிப் கவரில் போட்டு, சில துளி எண்ணெய் விட்டுக் குலுக்குவது போதும். சுவிட்ச் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் எனினும் 104 விசைகளுக்கு 208 நிமிடம் ஆகும்; இதனை வீட்டார் வேலை என ஏற்பதில்லை, இவ்வாய்வு ஏற்கிறது.

இனி நிலத்தின் இயல்பு. கடற்காற்றின் உப்புக்கு எம்எக்ஸ் சுவிட்சின் தொடுமுனை அஞ்ச வேண்டியதில்லை, அது தங்கம். ஆனால் மலிவான ஸ்பிரிங் துருப்பிடிக்கலாம், அதன்மேல் படியும் எண்ணெய்ப்படலம் அங்கே காப்பாகவும் அமைகிறது. தூசுதான் பெரும் எதிரி. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. அதன்பின் இராயபுரத்து மாடிவீட்டில் லூப் போடுதல் எளிதாயிற்று என்று கொண்டால், அதே அளவு எண்ணூரில் கடினமாயிற்று என்றும் கொள்ள வேண்டும். எண்ணூர்வாசி சன்னலை மூடிக்கொண்டு தடவுக என்பது விதி. மின்விசிறியையும் நிறுத்துக என்பது மே மாதத்தில் எவரும் பின்பற்றாத விதி.

இரவெல்லாம் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஹாரன் அடிக்கும் சாலையோரத்தில் லூப் போட்டு ஸ்பிரிங்கின் சிறு கிணுகிணுப்பை நீக்கி என்ன பயன் என வினவுவார் உளர். டிரெய்லரின் ஒலி பிறர் செய்வது, கிணுகிணுப்புத் தான் செய்வது என்பதே அதற்கு விடை.

தமிழில் உள்ளிடுவோர் ஒன்றைத் தனியே கருத வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 அமைப்பில், புள்ளி இடும் விசை இடக்கைச் சுட்டுவிரலடியில் உள்ளது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும் எனினும், மீதமுள்ள மெய்களுக்குப் பெரும்பாலும் அவ்விசையே உழைப்பதால், பற்றவைப்பின்றிச் சுவிட்சைப் பிடுங்கி மாற்றத்தக்க ‘ஹாட்ஸ்வாப்’ கீபோர்டு உடையார் அவ்விடத்தில் மட்டும் சற்று இலகுவான ஸ்பிரிங்கை இடலாம்.

எஞ்சியிருப்போர் தட்டச்சில் ‘ஹையர்’ தேர்வு முடித்தவர்கள். நிமிடத்துக்கு 45 ஆங்கிலச் சொற்கள் அடித்துத் தேறிய அக்கை, கம்பியை ரிப்பன்மேல் வீசியடித்துப் பழகியது. எழுத்து 2 மி.மீ. ஆழத்திலேயே பதிந்துவிட்டது என்பதை நம்பாமல், ஒவ்வொரு முறையும் அடித்தளம்வரை இறங்கும். இவர்களுக்கு 60 கிராம் எம்எக்ஸ் கறுப்புச் சுவிட்சும், விசைமேல் மாட்டும் கீகேப்பின் உட்புறம் ஒரு ரப்பர் வளையமும், கீபோர்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றும் பரிந்துரைக்கப்படுகின்றன. அதற்குப் பின்னும் சத்தம் வருமாயின், அது கிரீஸின் குற்றமாகக் கொள்ளப்படாது.