எண்ணெய்க் கையும் ஏவல் விலக்கும்: கொட்டஞ்சுக்காதித் தைலம் குறித்த முதற்கட்ட ஆய்வு

மூட்டுவலியைப் பற்றி எழுத மருத்துவர்கள் இருக்கிறார்கள். பேச மொத்தத் தெருவே இருக்கிறது. இக்கட்டுரை ஆராய்வது வேறொன்றை. முழங்காலில் தைலம் தடவிக்கொண்ட ஒரு மனிதர், அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு வீட்டில் என்ன அந்தஸ்து பெறுகிறார்? இத்துறையில் முன்னாய்வு ஒன்றும் கண்ணில் படவில்லை. முன்னோடிகள் எல்லாரும் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் பேனா பிடிக்கக் கை இல்லாமல் போயிருக்கலாம்.

ஆய்வு எல்லையை முதலில் வரையறுத்துவிடுவது மரபு. தன்வந்தரம், மகாநாராயணம், முறிவெண்ணெய், பிண்ட தைலம் என்று வரிசை நீளும். இவ்வாய்வு கொட்டஞ்சுக்காதியோடு நின்றுகொள்கிறது. காரணம் முற்றிலும் முறையியல் சார்ந்தது: எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் இருப்பது அதுதான். கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரவில்லை, வைத்தியமும் வந்தது. 1902-ல் பி.எஸ்.வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கினார். வைத்தியர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் இடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்த சனம், புட்டியில் அடைத்ததைக் கடையில் வாங்கப் பழகியது. 1943-ல் கோவையிலேயே ஆரிய வைத்திய பார்மசி வந்துவிட்டது. அதன் பிறகு இவ்வூர் முழங்கால்களுக்கு மலையாளம் புரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி மூலப்பொருள்கள். கேரள வைத்தியர்களின் கைப்புத்தகமான ‘சகஸ்ரயோக’த்தில் உள்ள முறை இது. கொட்டம் (நம் நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம்), சுக்கு, வசம்பு, முருங்கை, பூண்டு, ஆதொண்டை, தேவதாரு, கடுகு, அரத்தை ஆகியவற்றை அரைத்து, புளியிலைச் சாறும் தயிரும் சேர்த்து, நல்லெண்ணெயில் காய்ச்ச வேண்டும். கோஷ்டமும் தேவதாருவும் இமயமலைக்காரர்கள். அதிலும் கோஷ்டம் அருகிப்போய், உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மிகக் கடுமையான பிரிவில் இருக்கிற வேர். காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது மடக்கென்று சத்தம் போடுகிற ஒரு முழங்காலுக்காக இமயத்திலிருந்து இரண்டு பேர் இறங்கி வர வேண்டியிருக்கிறது. மீதிப் பேர் பெரும்பாலும் நம் அஞ்சறைப் பெட்டிக்கும் கொல்லைக்கும் உறவுக்காரர்கள். பெருங்காயம் மட்டும் சேர்த்திருந்தால் இந்த ஆய்வு சமையற்கலைத் துறைக்குப் போயிருக்கும்.

காய்ச்சும் முறையில் விளையாட்டு இல்லை. அரைத்த விழுது, அதாவது கல்கம், 1 பங்கு. எண்ணெய் 4 பங்கு. சாறு முதலான நீர்மம் 16 பங்கு. இதுவே பொது விதி. அந்த 16 பங்கும் வற்றுகிற வரை இளந்தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கல்கம் அடியில் பிடித்துக்கொள்ளும். பதம் பார்ப்பதற்கு மூன்று சோதனைகள். அடியிலிருந்து கொஞ்சம் கல்கம் எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மூன்றாவது நுரை. நெய் காய்ச்சும்போது நுரை அடங்கினால் பதம். எண்ணெய்க்கோ நுரை எழும்பினால் பதம். மேலுக்குத் தேய்ப்பதற்குக் கரபாகம், அதாவது கல்கம் சற்று முறுகிய நிலை, போதும் என்கிறார்கள். வெப்பமானியும் ஈரமானியும் இல்லாமல் இரண்டு விரலும் ஒரு காதும் வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாகத் தரம் பார்த்திருக்கிறார்கள். இந்த இடத்தில் ஆய்வாளன் கேலியை ஓரமாக வைக்கிறான்.

கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாதம் வறண்டது, குளிர்ந்தது, நிலையில்லாதது. எண்ணெய் அதற்கு நேர் எதிர். ஆகவே வாதத்துக்கு எண்ணெய், பித்தத்துக்கு நெய், கபத்துக்குத் தேன். வாக்படர் தம் ‘அஷ்டாங்க ஹிருதய’த்தில் தினமும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்கிறார், தலை, காது, பாதம் இம்மூன்றையும் விசேஷமாகக் கவனிக்கச் சொல்கிறார். அஜீரணம் உள்ளவர் தேய்த்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறார். கல்யாண வீட்டில் மூன்றாவது முறையும் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, ‘ஏறி இறங்கினதுல மூட்டு புடிச்சிருச்சு’ என்று தைலம் கேட்பவர்கள் இந்த வரியைத் தவறாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டஞ்சுக்காதி சூட்டுத் தைலம். மூட்டு சிவந்து, தொட்டால் சுடுகிற வீக்கமாக இருந்தால் வைத்தியர் இதைக் கொடுக்க மாட்டார். எரிச்சலுக்கென்று மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு போட்டுக் காய்ச்சிய பிண்ட தைலம் தனியாக இருக்கிறது. நம் வீடுகளிலோ ஒரே புட்டி. சுளுக்கு, பிடிப்பு, வாய்வு, நரம்பு இழுத்தது, மாடிப்படியில் தடுக்கியது எல்லாவற்றுக்கும் அதே மூடிதான் திறக்கப்படும். இரட்டைப் பிள்ளை பெற்றவர் யாராவது தெருவில் இருந்தால், அவர் கையால் வழித்துவிடச் சொல்லிக் கேட்பதும் உண்டு. அப்போதும் வழுக்குவதற்கு இதே தைலம்தான்.

தைலத்தைச் சூடு காட்டுவதில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. கொதிநீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை மிதக்கவிடுவது ஒன்று. வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். குழிக்கரண்டியில் ஊற்றி நேராக அடுப்பில் காட்டுவது இன்னொன்று. வீடுகளில் நடப்பது இதுதான். கரண்டிக்காரர்கள் வழியில்தான் வாசனை சீக்கிரம் கிளம்பும். முதலில் நல்லெண்ணெய் மணம், அடுத்து பூண்டு, பின்னாலேயே வசம்பு, கடைசியாகத் தயிர் கருகியது போல் ஒன்று. அந்த நாலாவது வந்துவிட்டால் அடுத்த வீட்டில், ‘யாருக்கு என்ன?’ என்று கேட்டாகிவிடும். மருத்துவச் சான்றிதழுக்குக் கூட இவ்வளவு விரைவான சுற்றறிக்கை கிடையாது.

பிறகு தேய்ப்பு. நீண்ட எலும்புகளின் மேல் நீள வாக்கில், மூட்டுகளின் மேல் வட்டமாக. இதில் தைலத்துக்கு எவ்வளவு பங்கு, தேய்ப்புக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி எழுகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். தொடுகையையும் அழுத்தத்தையும் எடுத்துச் செல்லும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பானால், மெல்லிய இழைகளில் வரும் வலிச் செய்தியைத் தண்டுவடம் வாசலிலேயே மறித்துவிடும் என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட இடத்தை நம் கை தானாகப் போய்த் தேய்ப்பதற்கு இது ஓரளவு விளக்கம். அந்தக் கணக்கில் தேங்காயெண்ணெயே போதுமே, கோஷ்டத்தை ஏன் இமயத்திலிருந்து இழுத்து வர வேண்டும் என்று ஒரு கட்சி கேட்கும். இவ்வாய்வு இரு கட்சியிலும் சேரவில்லை. நமக்கு முக்கியம், தேய்த்து முடித்த பிறகு நடப்பது.

கருதுகோள் இதுதான்: தைலம் மூட்டில் ஊறுகிறதோ இல்லையோ, தேய்த்தவர் எதையும் தொட முடியாதவர் ஆகிறார். அவருக்கு ஓய்வு கிடைக்கிறது. அவ்வோய்வே மருந்தின் பெரும்பகுதி.

களச் சான்றுகள் வலுவானவை. தைலக்காரர் சோபாவில் உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் பழைய செய்தித்தாள். சுவரில் சாயக் கூடாது. சாய்ந்தால் தலை உயரத்தில் வட்டம் விழும், அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் பேச்சு வாங்க வேண்டும். உடுத்துவதற்குத் தனி வேட்டி. முகூர்த்த வேட்டியாக வந்தது வீட்டு வேட்டியாகி, பிறகு தைல வேட்டியாகி, கடைசியில் பிடிதுணியாக அடுப்படிக்குப் போகும். அதன் மூன்றாம் பருவம்தான் மிக நீண்டது. போன் கூட எண்ணெய்ப் பெருவிரலை அடையாளம் தெரியாது என்று கைவிரித்துவிடும். அலுவலகம் கூப்பிட்டால் எடுக்க முடியாது. சட்டப்படியே முடியாது என்று சொல்லத் தோன்றுகிறது.

“ஏனுங்க, சிலிண்டர் வந்திருச்சு, கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க.”

“கையெல்லாம் தைலமா இருக்குது.”

இந்த விடைக்கு மறுவிடை இல்லை. ‘முடியாது’ என்றால் சண்டை. ‘வலிக்கிறது’ என்றால் ‘எனக்கு மட்டும் வலிக்கலையா’ என்ற பட்டியல். ‘கையெல்லாம் தைலம்’ என்பது மட்டும் மறுக்க முடியாத பௌதிக உண்மை. இதையே இவ்வாய்வு ஏவல் விலக்கு என்று பெயரிட்டு அழைக்கிறது. அரப்பு போட்டுக் குளித்த மறுநொடி அது காலாவதியாகும். ஆகவே அனுபவசாலிகள், ‘நல்லா ஊறட்டும்’ என்று குளியலைத் தள்ளிப்போடுவார்கள்.

இது வெறும் வீட்டுத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மரபே இந்த விலக்கை எழுத்தில் கொடுத்திருக்கிறது. கேரளத்தில் கர்க்கடக மாத மழையில், வயல் வேலை முடங்கிக் கிடக்கும்போதுதான் உழிச்சல் என்னும் எண்ணெய்த் தேய்ப்பு நடக்கும். சிகிச்சை எத்தனை நாளோ, முடிந்த பிறகு அத்தனை நாள் ‘நல்லிரிக்க’ என்று பத்தியத்தோடு சும்மா இருக்க வேண்டும். கதகளி மாணவர்களுக்கும் மழைக்காலத்தில்தான் உழிச்சல். ஆசான் மேலே கட்டிய பிடியைப் பற்றிக்கொண்டு, எண்ணெய் பூசிக் கிடக்கும் பையனின் உடம்பைக் காலால் நீவுவார். கோட்டக்கல் வாரியர் 1939-ல் கதகளிக் குழுவும் நிறுவினார் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. தைலமும் ஆட்டமும் அடுத்தடுத்த அறையில் இருந்த வளாகம் அது. அங்கே எண்ணெய்க்கும் ஓய்வுக்கும் நடுவில் யாரும் கோடு போடவில்லை. நாம் எண்ணெயை மட்டும் புட்டியில் வாங்கிவந்து, சும்மா இருக்கும் நாள்களைக் கடையிலேயே விட்டுவிட்டோம். அதைத்தான் ஒவ்வொருவரும் திருட்டுத்தனமாக முக்கால் மணி நேரமாக மீட்டுக்கொள்கிறோம்.

நல்ல ஆய்வு தன் கருதுகோளுக்கு எதிரான சான்றை மறைக்கக் கூடாது. எதிர்ச் சான்று எங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. என் அம்மா இடது கையால் மட்டும் தைலம் தேய்ப்பார். வலது கை குழம்புக்கு. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் வட்டம் போடுவார், இன்னொரு கையால் கரண்டி. “கொஞ்ச நேரம் படுத்திரும்மா” என்றால், “படுத்தா யாரு கண்ணு வடிக்கிறது?” என்பார், சோற்றைக் காட்டி. என் மனைவியும் ஒற்றைக் கைப் பள்ளிதான். ஏவல் விலக்கு செயல்பட ஒரு முன்நிபந்தனை தேவைப்படுகிறது: ஏவுவதற்கு வேறொருவர், செய்வதற்கு இன்னொருவர். பெண்களின் மூட்டில் அதே தைலம் அதே சூட்டில் பட்டும் வலி குறையாததற்கு வாதம், பித்தம், கபத்துக்கு வெளியே காரணம் தேட வேண்டியிருக்கிறது. என் கட்சிக்காரர்களான ஆண்கள் இந்தப் பத்தியை விட்டுவிட்டுப் படிப்பார்கள் என்று தெரியும்.

கடைசியாக, துறையைச் சூழ்ந்துள்ள ஆபத்து. உருளை மூடி போட்ட புட்டிகளும் பீய்ச்சும் புட்டிகளும் இப்போது மருந்துக் கடையில் முன்வரிசைக்கு வந்துவிட்டன. அதே மூலிகைப் பெயர்கள், அதே ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’. ஆனால் கையில் படாது, துணியில் ஒட்டாது, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். விளம்பரத்தில் ஒருவர் அதைத் தேய்த்துக்கொண்டு உடனே படியேறுகிறார். சிலிண்டர் தூக்கவும் தயார் என்பது முகத்திலேயே தெரிகிறது. அப்படி ஒரு உருளைப் புட்டி போன மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மனைவி தன் காலுக்கென்று வாங்கியது. அடுப்பை விட்டு எழாமலே தேய்த்துக்கொள்ளலாமாம். நேற்று தைல வேட்டியை நான் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் புட்டியை என் மடியில் வைத்து, “இதுலயே போட்டுக்குங்க, கையில ஒட்டாது” என்றாள். பிறகு ரேஷன் கார்டையும் பையையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.