ஆன்லைன்காரர்

தாலுகா ஆபீசை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் பாதி உள்ளே, பாதி வாசலில் என்று உட்கார்ந்திருப்பார். அரூரில் பார்க்கலாம், பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் பார்க்கலாம். மீசை மட்டும் மாறும். ஆன்லைன் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எத்தனை எழுத்து, எந்தக் குறி கூடாது என்று எங்கோ ஒரு பொறியாளர் பக்கம் பக்கமாக எழுதிவைத்த விதிமுறை இவருக்கும் பிடிஎஃப்பாக வந்தது. பிரின்ட் எடுத்தார். பிரின்டர் ஆடாமலிருக்க இப்போது அதன் காலடியில் கிடக்கிறது. விதிகளை அவர் கற்றதெல்லாம் திரையில் தோன்றும் சிவப்பெழுத்திடம்தான்.

பரம விரோதி, ‘லாஸ்ட் நேம்’. நமக்கு இருப்பது இனிஷியல், அதுவும் முன்னால். படிவமோ பின்னால் ஒரு பெயர் கேட்கும். புள்ளி வைத்தால் சிவக்கும். அப்பா பெயரை நீட்டி அடித்துவிடுவார். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. இவர் புண்ணியத்தில் காலமான தகப்பனார்கள் பலர் மகனின் பான் கார்டில் ஐந்தாம் இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆதாரில் வருடம் மட்டும் உள்ள பெரியவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று பிறந்தநாள்.

“எந்த மாசம் பொறந்தீங்க ஆயா?”

“மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாளு கண்ணு.”

கட்டத்தில் மாரியம்மனுக்கு இடமில்லை.

பிறந்த மாவட்டம் இன்னும் மோசம். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965-இல். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004-இல். 1960-இல் பென்னாகரத்தில் பிறந்தவர் எந்த மாவட்டத்துக்காரர்? “நீங்க நகரவே இல்லீங்க, மாவட்டந்தான் நகர்ந்துச்சு” என்று ஆறுதல் சொல்லி, பட்டியலில் கைக்கு அகப்பட்டதை அமுக்குவார்.

ஆனால் ஆதார் எண் என்றால் பக்தி. 12 இலக்கத்தில் கடைசி இலக்கம், முந்தைய பதினொன்றையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-இல் தந்த முறை. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் அகப்பட்டுவிடும். வெர்ஹூஃபை இவருக்குத் தெரியாது. “அது தப்ப விடாதுண்ணா” என்பார், காவல் தெய்வத்தைச் சொல்வதுபோல. ஐஎஃப்எஸ்சியையும் மதிப்பார். 11 எழுத்து, ஐந்தாவது பூஜ்யம். அங்கே ‘ஓ’ அடித்தால் வண்டி நகராது. பாங்கு கணக்கு எண்ணிடம்தான் பயம். அதற்குப் பெரும்பாலான படிவங்களில் இருக்கும் ஒரே காவல், இரண்டு முறை அடிக்கச் சொல்வது. ஒரே ஆள் ஒரே தப்பை இரண்டு முறையும் செய்வான் என்பது எழுதியவருக்குத் தோன்றவில்லை. அதனால் முதல்முறை இவரே பாஸ்புக்கைப் பார்த்து அடிப்பார். இரண்டாம்முறை, கூட வந்த பேத்தியைப் படிக்கச் சொல்லி அடிப்பார். பேத்தி வராவிட்டால் டீ கொண்டுவரும் பையன். இந்த விதி எந்த பிடிஎஃப்பிலும் இல்லை. என்னைக் கேட்டால் சேர்த்துவிடலாம்.

மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24 அன்று இதே தருமபுரி மாவட்டத்தின் தொப்பூரில்தான் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், கரண்ட் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் என்று வரிசையாக நிபந்தனைகள். கிடைக்காதவர்கள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றதும் இவர் ஜோசியராகிவிட்டார். குறுஞ்செய்தியைக் காட்டிப் பலன் கேட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் மாதம்மாள் என்ற பெயர் தெருவுக்கு நாலு. ஆதாரில் நடுவில் ஓர் எம், ரேஷன் கார்டில் இரண்டு, பாஸ்புக்கில் ‘எச்’சைக் காணோம்.

“இதுல எது சாமி என் பேரு?”

“ஆதார்ல இருக்கறதுதான் ஆயா.”

“அதுதான தப்பா இருக்கு?”

“திருத்திரலாம். சரியான பேரு இருக்கற கார்டு ஒன்னு குடுங்க.”

“அது இருந்தா நான் ஏன் கண்ணு பஸ் ஏறி வர்றேன்?”