கட்டளை எழுதும் கனவான்

நேற்று நள்ளிரவில் எங்கள் டேட்டாபேஸ் இரண்டாவது நோடோடு சேர்ந்து மாண்டு கிடந்தது. முதல் நோடோ பூரண தேக சௌக்கியத்துடன், கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நோடு என்னும் கணினிகள் இரண்டை வாங்கி ஒரு கிளஸ்டராகப் பிணைத்து வைப்பதே ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்கிற உத்தேசத்தில்தான். அந்த உத்தேசத்தை முறியடித்தது மின்சாரமோ விதியோ அல்ல. எங்கள் கிளஸ்டருக்குக் கருவிகள் எழுதித் தரும் நமது கனவான் சமைத்த 'மூவ்' என்னும் கட்டளை.

மூவ் என்றால் நகர்த்துவது என்று பாமர ஜனங்கள் நினைக்கிறார்கள். கனவானுடைய மூவ் எதையும் நகர்த்துவதில்லை. 'இந்த டேட்டாபேஸ் முதல் நோடில் ஒருபோதும் வசிக்கலாகாது' என்று கிளஸ்டரின் ஏட்டில் ஒரு நிபந்தனையை எழுதிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். கிளஸ்டர் அதைப் படித்துப் பார்த்து, தானாகவே டேட்டாபேஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த நோடுக்குப் போகும். காரியம் முடிந்தபின் நிபந்தனை என்னவாகிறது என்று கேட்கிறீர்களா? அது அங்கேயே சிரஞ்சீவியாக இருக்கும். திண்ணைக்கு வெள்ளையடிக்கவேண்டும், சற்று உள்ளே போய் உட்காருங்கள் என்று தாத்தாவிடம் சொல்வதற்குப் பதிலாக, 'இன்னாருக்கு இத்திண்ணையில் யாதொரு பாத்தியமும் கிடையாது' என்று சாசனம் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, ரிஜிஸ்தர் செய்து வைப்பதற்கு ஒப்பானது இது. வெள்ளையடித்துச் சுண்ணாம்பும் காய்ந்து மூன்று மாதமாகிறது. நேற்றிரவு உள்வீட்டுக் கூரை சரிந்தது. தாத்தா திண்ணைக்கு வரச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், இது கனவானுடைய சொந்தச் சிருஷ்டியல்ல. பேஸ்மேக்கர் என்னும் கிளஸ்டர் மென்பொருளில் எது எங்கே ஓடவேண்டும் என்பதை மதிப்பெண்கள்தாம் தீர்மானிக்கின்றன. மனிதன் கையால் நகர்த்திவிட்டு நிபந்தனை எதுவும் எழுதாமல் போனால், அது மறு நிமிஷமே பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். போகும் இடத்தைச் சொல்லாமல் நகரச் சொன்னால், இப்போதிருக்கும் நோடுக்கு எதிர் அனந்தம் என்று மதிப்பெண் எழுதப்படும். அனந்தம் என்றதும் வேதாந்த விசாரத்தில் இறங்கவேண்டாம். அங்கே அனந்தத்துக்கு மதிப்பு 10,00,000, அதாவது ரொக்கமாகப் பத்து லட்சம். பதற்றத்தில் நான் முதல் நோடுக்குச் சாதகமாக ஓர் அனந்தத்தை எழுதிப் பார்த்தேன், பயனில்லை. அனந்தமும் எதிர் அனந்தமும் மோதினால் எதிர் அனந்தமே ஜயிக்கும் என்பது அவ்விடத்துக் கணித சாஸ்திரம். பேஸ்மேக்கருக்குக் கட்டளையிடும் பி.சி.எஸ். என்னும் கருவியை எழுதியவர்கள் இந்தச் சங்கடத்தை உணர்ந்து, பிற்காலப் பதிப்புகளில் நகர்த்தல் முடிந்ததும் நிபந்தனை தானே விலகிவிடும்படி செய்துவிட்டார்கள். நமது கனவானுக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது.

இரண்டரை மணிக்கு அவரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.

"கிளியர் கொடுக்கவில்லையோ?" என்றார், பத்தியம் இருக்காத நோயாளியை வைத்தியர் விசாரிக்கும் குரலில். "மானுவலில் போட்டிருக்கிறேனே, ஸார்!"

நிபந்தனையை அழிக்கும் அந்தக் 'கிளியர்' கட்டளையைப் போட்டிருக்கிறார், நாற்பத்தோராம் பக்கத்தில். அவருடைய மற்றக் குணாதிசயங்களை, ஒரு கருவியில் 'எஃப்' என்றால் ஃபைல், அடுத்ததில் பலாத்காரம் என்று அர்த்தம் வைப்பதையும், வேலை தொடங்குமுன்னரே 'வெற்றி' என்று திரையில் அச்சிடுவதையும், நான் பொறுத்துக்கொள்வேன். யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன், மறுபடியும் படைக்க நேர்ந்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அதில் 'கிரியேட்' என்னும் அழைப்பின் பெயரைக் கடைசி எழுத்தை விடாமல் எழுதுவேன் என்றாராம். அந்த மகானே ஓர் எழுத்துக்குப் பிழை ஒப்புக்கொண்டார். இவரோ, நள்ளிரவில் கண் எரிய உட்கார்ந்திருப்பவன் நாற்பத்தோராம் பக்கத்தை மனனம் செய்திருக்கவேண்டும் என்று மனப்பூர்வமாக நம்புகிறார். அப்படி நம்ப இவருக்கு யார் உரிமை கொடுத்தது? கட்டளையை எழுதுகிறவர் பகலில் எழுதுகிறார். அடிக்கிறவன் இரவில் அடிக்கிறான்.

ஆனாலும் டேட்டாபேஸ் எழுந்து நின்று முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்வரை அவர் தொலைபேசியை வைக்கவில்லை. விடியும்போது, "காபி சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். நான் இளகிப்போய், நிபந்தனை தானே விலகும்படி செய்துவிடக் கூடாதா என்று விக்ஞாபனம் செய்துகொண்டேன். அவரும் செவிசாய்த்தார். மத்தியானத்துக்குள் புதிய பதிப்பு வந்துவிட்டது. நிபந்தனை தானே விலக ஒரு விசேஷ விருப்பக்குறியைச் சேர்த்திருக்கிறாராம். பழைய வழக்கம் கெடலாகாது என்பதால், ஒவ்வொரு முறையும் அதை நாமே மறவாமல் அடிக்கவேண்டுமாம். சிற்றெழுத்துகள் இருபத்தாறும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டபடியால் அதற்குப் பெரிய 'யூ'வை ஒதுக்கியிருப்பதாகவும், தவறிச் சின்ன 'யூ'வை அடித்தால் டேட்டாபேஸ் இரண்டு நோடிலும் நின்றுவிடும், அதை மட்டும் சற்றுக் கவனித்துக்கொள்ளும்படியும் அன்போடு எழுதியிருந்தார்.