வெயில் குடித்த வைப்பர்

கேள்வி: மழையில் வைப்பர் போட்டால் கண்ணாடி முன்பைவிட மங்குகிறதே, ஏன்? (வேலூர் வாசகர்)

பதில்: வேலூர் வெயிலில் மாசக்கணக்கில் காயப்போட்டுவிட்டு, ஐப்பசி பிறந்ததும் திடீரென்று வேலை வாங்கினால் அது என்ன செய்யும், பாவம்! வைப்பர் ரப்பருக்கு எமன் மழையல்ல, வெயில்தான். ரப்பர் இறுகி, விளிம்பில் பொடிப்பொடியாக வெடித்துவிடும். பிறகு தண்ணீரை வழிக்காது, பூசும்.

உடனே கடைக்கு ஓடாதீர்கள். ஈரத்துணியால் ரப்பர் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடையுங்கள். துணியில் கண்மைபோல் கறுப்பு இறங்கும். கண்ணாடியிலும் லாரிப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அப்புறமும் கோடு விழுந்தால் ரப்பரை மாற்றத்தான் வேண்டும். காய்ந்த கண்ணாடியில் தூசியோடு மட்டும் வைப்பரை ஓட்டாதீர்கள். மணல் போட்ட கீறலைப் புது ரப்பர் அழிக்காது.

(1903-இல் அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற வைப்பரை உள்ளே உட்கார்ந்து கையால்தான் ஆட்ட வேண்டும். நமக்குப் பொத்தானைத் தட்டவே சலிப்பு.)

பிளேடைக் கழற்றும்போது கண்ணாடிமேல் தடித்த துண்டை விரியுங்கள். ஸ்பிரிங் வேகத்தில் வெறும் இரும்புக்கை விழுந்தால் விரிசல் நிச்சயம். ‘என் வைப்பரே அடித்து உடைத்தது’ என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள்!