நெல்லைச் சாலையில் அயலூர்ச் சைக்கிள்

தாமிரபரணிக் கரையோரம் சைக்கிள் மிதித்து வரும் வெளிநாட்டவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த வாரம் முழு இடமும்.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். சைக்கிளின் இரண்டு பக்கமும் மூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முகம் செக்கச் செவேலென்று ஆகி, ஒரு வெள்ளைக்காரர் போவார். பஸ்ஸுக்குக் காசில்லையா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை*

விமானத்துக்கே காசு இருக்கிறது சார். அந்தச் சைக்கிளே பெரும்பாலும் விமானத்தில்தான் வந்திருக்கும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. இந்தியாவை நெட்டுக்கு அளக்கக் கிளம்பியவர்களில் பலர் இந்த வழியாகத்தான் முடிக்கிறார்கள். நெல்லைக்கு வந்துவிட்டால் மிச்சம் 80 கிலோமீட்டர் சொச்சம். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது வயிறாரச் சாப்பாடு, ஓடுகிற ஒரு மின்விசிறி, நம்பிக்கையான ஒரு பஞ்சர் கடை. மூன்றும் நம்மிடம் உண்டு. அடுத்த முறை பார்த்தால் நிறுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், கதை கேட்கலாம்.

எங்கள் ஊர் அணுவிஜய் நகரில் ரஷ்யப் பொறியாளர்கள் தங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவர் விடுமுறை நாளில் சைக்கிளில் ஊர் சுற்ற ஆசைப்படுகிறார். முதலில் அவருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க?
*செட்டிகுளம் வாசகர்*

இடது பக்கம் போகச் சொல்லிக்கொடுங்கள். ரஷ்யாவில் வண்டிகள் வலது பக்கம் போகும். ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா எல்லாம் அப்படியே. நெரிசலான ரோட்டில் பயமில்லை, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போய்விடுவார். ஆபத்து ஆளில்லாத ரோட்டில்தான். விடிகாலையில் ஒரு டீக்கடையில் நின்றுவிட்டு மறுபடி ஏறும்போது, பின்பற்ற வண்டி எதுவும் இல்லாததால் பழைய பழக்கம் அவரை வலது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். எதிரே வளைவில் மினி பஸ் வரும். இன்னொன்று: ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது அவர் கழுத்து முதலில் இடது பக்கம் திரும்பும், நம் ஊரில் வண்டி முதலில் வருவதோ வலது பக்கத்திலிருந்து. முதல் இரண்டு வாரம் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும்.

முப்பது வருஷமா சைக்கிள் கடை வச்சிருக்கேன். போன மாசம் ஒரு ஜெர்மன்காரர் வந்தார். என் பம்பு அவர் வால்வில் உட்காரவே மாட்டேங்குது. மானம் போச்சு.
*சைக்கிள் கடைக்காரர், சேரன்மகாதேவி*

மானம் எங்கும் போகவில்லை அண்ணாச்சி. நம் சைக்கிளில் இருப்பது உட்ஸ் வால்வு, உள்ளே ரப்பர் வால்வு டியூப் போட்டது. அவர் கொண்டுவந்தது பிரெஸ்டா. மெலிந்து நீண்டிருக்கும், நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அந்தத் திருகைத் தளர்த்தி, விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால்தான் காற்றுக்கு வழி திறக்கும். அதன் மேல் மாட்ட ஒரு பித்தளை அடாப்டர் இருக்கிறது, விரல்நுனி அளவுதான். அது இருந்தால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயே போதும். இரண்டு வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள். கம்ப்ரஸரில் ஒரே மூச்சாக விடவேண்டாம். எவ்வளவு தாங்கும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும்.

டயர் கிழிந்து வந்தால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நம்முடைய 28 இஞ்ச் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். அவர்களுடைய 700-சி டயருக்கு 622. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், 13 மில்லிமீட்டர் இடிக்கும். நம் டியூபும் உதவாது, அதன் வால்வு அவர் ரிம் ஓட்டையில் நுழையாது. ஆகவே அவருடைய டியூபைத்தான் ஒட்டியாக வேண்டும். அங்கேதான் உங்கள் முப்பது வருஷம் பேசும். தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழ் வரும் இடத்தைப் பிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுவதை அவர்கள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். ஒட்டியதும் விட்டுவிடாமல், டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ரப்பருக்குள்ளேயே ஒடிந்து, நுனி மட்டும் உள்பக்கம் எட்டிப் பார்க்கும். அதைப் பிடுங்காவிட்டால் பத்தமடை போவதற்குள் மறுபடி இறங்கிவிடும்.

உங்கள் ஜெர்மன்காரருக்கு ஆறுதலாக இதையும் சொல்லுங்கள். அமெரிக்கத் தம்பதி ஃபேனி புல்லக் வொர்க்மனும் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் 1897-இல் தொடங்கிய கீழை நாட்டுப் பயணத்தில், தென்முனையிலிருந்து இமயம் நோக்கி இந்தியாவைச் சைக்கிளில் சுற்றினார்கள். 14,000 மைல். ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் அவர்களே.

பிசான நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தேன். வெளிநாட்டு ஜோடி ஒன்று சைக்கிளோடு சறுக்கி விழுந்துவிட்டது. என் மேல் தப்பா?
*விவசாயி, முக்கூடல்*

ஆமாம், பெரும்பங்கு உங்கள் மேல். களம் போதாமல்தான் ரோட்டுக்கு வருகிறீர்கள் என்பது தெரியும். களம் கேட்டு ஊர் சேர்ந்து மனுக் கொடுங்கள், அது வேறு. ரோட்டில் பரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் பாதி ரோட்டை விடுங்கள். நெல்லைச் சுற்றிக் கல் வைக்கிறீர்களே, அதுதான் உயிரை எடுக்கும். நெல்லை அள்ளிக்கொண்டு போகிறோம், கல்லை அங்கேயே விட்டுப் போகிறோம். இருட்டில் வருகிறவனுக்கு அது எங்கே தெரியும்?

ரோட்டில் கிடக்கும் வைக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் சங்கிலியைத் தள்ளிக்கொடுக்கும் ஒரு மெல்லிய கை தொங்கும். நாலு வைக்கோல் இழை அதன் சிறு பற்சக்கரத்தில் சுற்றினால் போதும். மிதிக்கிறவர் கால் கனக்கிறதே என்று இன்னும் அழுத்தி மிதிப்பார், அந்தக் கை அப்படியே ஆரக்கம்பிக்குள் இழுபட்டுப் பட்டென்று ஒடியும். அந்தப் பாகம் அம்பையிலும் கிடைக்காது, தென்காசியிலும் கிடைக்காது. எனவே வருகிற விருந்தாளிகளுக்கு: புரட்டாசி வாக்கில் கார் அறுவடை, மாசி பங்குனியில் பிசானம். அந்த நாட்களில் மிதி கனத்தால் உடனே இறங்குங்கள். இழையைப் பிடித்து இழுக்காமல், சங்கிலியைப் பின்பக்கமாகச் சுழற்றி, பிளேடால் அறுத்து எடுங்கள்.

சைக்கிளில் வரும் வெளிநாட்டவருக்கு அறை கொடுக்கவே பயமாக இருக்கிறது. போலீஸ் தொல்லை வருமோ?
*விடுதி நடத்துபவர், அம்பாசமுத்திரம்*

வெளிநாட்டு விருந்தினர் பதிவுப் படிவத்தை ஒழுங்காகப் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. வெளிநாட்டவர் தங்கினால் பாஸ்போர்ட், விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், அவ்வளவே. ஒருமுறை கணக்குத் தொடங்கிவிட்டால் பிறகு பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு "ரூம் இல்லை" என்று சொல்லும்போது, நாள் முழுக்க மிதித்து வந்த ஒருவர் இருட்டில் மறுபடி நெடுஞ்சாலைக்குப் போகிறார். பாதி விபத்து அங்கேதான் பிறக்கிறது. உங்கள் விருந்தாளியிடம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருந்தால் ஒரு வார்த்தை எச்சரித்து வையுங்கள். அவர்கள் நாட்டில் மலையேறுபவர்கள் சாதாரணமாக வைத்திருப்பார்கள். இங்கே அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு.

பாபநாசம் வரை தோழிகளோடு சைக்கிளில் போக ஆசை. வீட்டில் "அதெல்லாம் வெள்ளைக்காரிக்குத்தான் சரி" என்கிறார்கள்.
*கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

வொர்க்மன் அம்மையார் நீளப் பாவாடையோடு மிதித்த நாடு இது. அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-இல் தனியாக டெல்லி வரை சைக்கிளில் வந்தார். ஆனால் உங்கள் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கதை புதுக்கோட்டையில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்தின் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ரோட்டுக்கு வந்தார்கள். வெள்ளைக்காரிக்கு முன்னால் அவர்களைச் சொல்லுங்கள்.

இப்போது வழி. கொக்கிரகுளத்தில் சுலோசன முதலியார் பாலத்தில் விடியும்போது கூடுங்கள். 1843-இல் திறந்த பாலம், ஒரு தனிமனிதர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது. அங்கிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். முடியவில்லையா, சேரன்மகாதேவியிலும் கல்லிடையிலும் அம்பையிலும் ரயில் நிலையம் உண்டு. ஆளுக்கு ஒரு உதிரி டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பயணத்துக்கு ஆசை வந்தால் நவ கைலாயம் இருக்கிறது. பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் கடலோரம் முடியும் ஒன்பது சிவன் கோயில்கள். ஆறு போகிற திசையிலேயே வழியும் போகும். இரண்டு மூன்று நாள் வைத்துக்கொண்டு நிதானமாகப் போங்கள். இந்தியாவிலேயே சைக்கிளுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரெஞ்சு நண்பரை மாஞ்சோலைக்குச் சைக்கிளில் கூட்டிப் போகலாமா?
*மணிமுத்தாறு வாசகர்*

வனத்துறை அனுமதி எழுத்தில் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்டாதீர்கள். அது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். யானையும் சிறுத்தையும் கரடியும் நடமாடும் காட்டில் சத்தமில்லாமல் இறக்கத்தில் பாய்ந்து வரும் வண்டி சைக்கிள். வளைவில் கரடி இருந்தால் அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அணை வரை போங்கள், அதுவே அழகு.

வெயிலுக்கு இளநீரா, பதநீரா, பாக்கெட் பொடியா?
*வாசகி, ஸ்ரீவைகுண்டம்*

மோர், உப்புப் போட்டு. குளிர்நாட்டுக்காரர்கள் செய்யும் பெரிய தவறு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும், வெறும் தண்ணீர் மிச்ச உப்பையும் நீர்க்கச் செய்யும். தலை சுற்றும், குமட்டும். "இன்னும் தண்ணீர் குடி" என்று நாமும் ஊற்றுவோம், நிலைமை மோசமாகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் அதோடு கடலைமிட்டாயும் ஏதாவது உப்புத் தின்பண்டமும் சேரட்டும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அதில் போட்டிருக்கும், கண்ணளவில் கரைக்க வேண்டாம். பதநீர் அமிர்தம்தான், காலையில் இறக்கியதும் குடித்தால். வெயில் ஏறியபின் புளித்துவிடும். வேர்ப்பது நின்றாலும் நிற்காவிட்டாலும், பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108-ஐ அழையுங்கள்.

நாய் துரத்தினால்?
*கேட்டவர்கள் பலர்*

மிதிப்பதை நிறுத்தி இறங்குங்கள், சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வையுங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, நேராக ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசிக்குக் காசில்லை. தன் நாட்டில் முன்பே தடுப்பூசி போட்டு வந்தவரானாலும் மறுபடி போட வேண்டும், அதை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு சைக்கிள்காரர் லாரி ஓரம் போய் விழுந்ததைப் பார்த்தேன். லாரி இடிக்கவே இல்லை. எப்படி?
*லாரி ஓட்டுநர், பணகுடி*

உங்கள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. காவல்கிணறைத் தாண்டினால் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அறையும். காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதே அதற்காகத்தான். விழாமல் இருக்கச் சைக்கிள்காரர் காற்றுக்கு எதிராக உடம்பைச் சாய்த்துக்கொண்டு வருவார். லாரி பக்கத்தில் வந்ததும் காற்று சட்டென்று அடைபடும், சாய்ந்த உடம்பு லாரிப் பக்கமே சரியும். லாரி போனதும் மறுபடி அறை விழும். தெற்கே போகிற சைக்கிளுக்கு வலது பக்கம் காற்று, வலது பக்கம்தான் உங்கள் வண்டியும். அதனால் ஒரு முழு வண்டி அகலம் விட்டுத் தாண்டுங்கள், முடுக்கி ஓட்டாதீர்கள், காதருகே ஹாரன் அடிக்காதீர்கள். சைக்கிள்காரர்கள் அந்தத் துண்டு ரோட்டை விடிகாலையில் முடித்துவிட வேண்டும்.

வெள்ளைக்காரர் விழுந்தால் ஊரே ஓடுகிறது, படம் பிடிக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளை அதே பள்ளத்தில் விழுந்தபோது ஒருவரும் வரவில்லை.
*ஒரு தாய், ஆழ்வார்திருநகரி*

உங்கள் கோபம் நியாயம் அம்மா. விருந்தாளிக்கு ஓடுவது நல்ல குணம், அது இருக்கட்டும். ஆனால் அவர் அந்தப் பள்ளத்தை ஒருமுறை கடக்கிறார், உங்கள் பிள்ளை தினம் இரண்டு முறை கடக்கிறது. அவருக்கு ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, பளிச்சென்ற சட்டை. அரசு 11-ஆம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிளில் டியூஷன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வாழைத்தோட்டத்து வேலைக்கு விடியுமுன் போகிறவருக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடங்கள் அந்தச் சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும், மட்கார்டில் ஒட்ட ஒளிரும் பட்டையும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். பழைய மாணவர் சங்கங்கள் முன்வந்தால் ஒரே வருஷத்தில் முடிகிற வேலை. அந்தப் பள்ளத்தைப் படம் எடுத்து, தேதி போட்டு, ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் எழுதுங்கள். எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மூடும்வரை விடாமல் போடுகிறோம்.

என் அப்பா காலத்துச் சைக்கிள். மணி நன்றாக அடிக்கிறது, பிரேக் மட்டும் பிடிப்பதில்லை. அதில் பாபநாசம் போகலாமா?
*வாசகர், மேலச்செவல்*

பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். மாற்றக் கொஞ்சம் காசு, கால்மணி நேரம். சேரன்மகாதேவியில் முப்பது வருஷக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், மேலே பார்த்தீர்களே. முதலில் அவரிடம் போங்கள், அதுவும் உருட்டிக்கொண்டு.